ஊசி டீச்சரின் நடு வகுப்பு

வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்கு ஊசி என்று பேர். தைக்கிறவள் என்பதால் வந்த பேர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டால் பதில் சொல்லாமல் தங்கள் வாயைத் தொட்டுக் காட்டுவார்கள். ஒருமுறை ஒரு வேன் டிரைவர், "சீட்டு கொஞ்சம் லூசா இருக்கும்மா" என்று சொல்லப்போக, "சீட்டு சரியாத்தான் இருக்கு, நீங்கதான் இளைச்சிருக்கீங்க, போய் டாக்டரப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினாள். அவர் உண்மையிலேயே போய்ப் பார்த்தார். சர்க்கரை இருந்தது. அதற்குப் பிறகும் அவருக்கு அவள் மேல் கோபம்தான்.

பட்டறை அவள் அண்ணனுடையது. அண்ணன் ஃபோமை வெட்டிக் கொடுப்பார், தங்கை ரெக்சினைத் தைத்து மாட்டுவாள். வந்த கல்யாணப் பேச்செல்லாம் மாப்பிள்ளை வீட்டார் அவளோடு பேசிப் பார்த்ததோடு நின்றுபோனது. அண்ணனுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அவளைப் போல ரெக்சினைச் சுருக்கம் விழாமல் மூலை திருப்ப இன்னொரு ஆள் கிடைக்காது என்பதால், வருத்தத்தை வெளியே காட்டிக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்குப் போவாள். அங்கே அவளுக்கு நடு வகுப்பு. கைதட்டிப் பாடும் வயதைத் தாண்டி, கிடாரைத் தூக்கும் வயதுக்கு வராத பிள்ளைகளின் வகுப்பு. மாடிப்படிக்குப் பின்னால், பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த அறை. அந்த வகுப்பை யாரும் விரும்பி எடுத்ததில்லை. அவளும் விரும்பி எடுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் எழுந்து, "பிள்ளைங்களுக்கு வசனத்த ஊட்டுறீங்க, பரிசு குடுக்குறீங்க, எல்லாம் சரி. கிறிஸ்துவ எப்போ அறிமுகப்படுத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். பாஸ்டருக்கு முகம் சிவந்தது. "அப்போ நீங்களே எடுங்க சிஸ்டர்" என்றார். ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்பது அவர் கணக்கு. ஆண்டுகள் போயும் அவள் ஓடவில்லை.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் வசனப் போட்டி என்றால் அவள்தான் முதல். மூச்சு விடாமல் அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிப்பாள். வீட்டு அலமாரி நிறைய கோப்பைகள். அம்மா இறந்த அன்று அந்த வசனங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன, ஒன்றுகூடப் பேசவில்லை. பேச யாராவது வேண்டுமாயிருந்தது. பிறகு ஒரு மத்தியானம், தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டு, "உமக்கு என்ன வந்துச்சு, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா" என்று வாய்விட்டே இயேசுவோடு சண்டை போட்டாள். அன்றைக்குத்தான் அவர் எதிரே இருப்பதாக அவளுக்குப் பட்டது. அதுவரை அவர் கோப்பைகளுக்குப் பின்னால் இருந்தார்.

ஆகையால் நடு வகுப்பில் அவளுடைய முறை வேறு. படகில் அவர் தூங்கிக்கொண்டிருந்த கதையைச் சொல்வாள். காற்று அடித்தது, தண்ணீர் உள்ளே வந்தது, கூட இருந்தவர்கள் அவரை உலுக்கி எழுப்பினார்கள். "மரியாதையா எழுப்பல. கத்தி எழுப்பினாங்க. அவரு கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரா? இல்லல்ல. இப்போ நீங்க எழுப்புங்க." பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொருவராக வாய்விட்டு அவரிடம் பேச வேண்டும். அலங்கார வார்த்தை கூடாது. "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம" என்று ஒரு பையன் ஆரம்பித்தால், "இது உங்கப்பா ஜெபம். உன்னோடது எங்க?" என்பாள்.

"இயேசப்பா, கணக்கு மிஸ்ஸுக்குக் கால் உடையணும்" என்று அதே பையன் கேட்டான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கேட்டுட்டே. அவரு செய்ய மாட்டாரு. ஆனா நீ எவ்வளவு கோவமா இருக்கேன்னு அவருக்குச் சொல்லிட்டே இல்ல? இப்போ கொஞ்ச நேரம் சும்மா இரு. அவரு உன்னப் பார்த்துட்டு இருக்காரு. பார்க்க விடு."

பையன் சும்மா இருந்தான். அடுத்த வாரம் மிஸ்ஸின் காலைப் பற்றிப் பேச்சில்லை. மிஸ் தன்னை வகுப்பில் எல்லார் முன்னாலும் மக்கு என்று சொன்னதைச் சொல்லி அழுதான்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். இந்த அறையில் அவரிடம் சொன்னது கதவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்ட விட்டவர் வகுப்புக்கு வர வேண்டாம்.

வகுப்பில் தண்ணிக்காரரின் மகள் இருந்தாள். தண்ணிக்காரர் என்றால் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிறவர், சபைக் கமிட்டியின் செயலாளர். ஆராதனைக்கும் கூட்டங்களுக்கும் கேன்கள் அவர் வீட்டிலிருந்து இலவசமாக வரும். மகளோ வாயைத் திறக்காத பெண். பையன்கள் அவளுக்கு சைலன்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். முறை வரும்போதெல்லாம், "ஒண்ணும் இல்ல, ஆமென்" என்று முடித்துக்கொள்வாள். ஊசி வற்புறுத்த மாட்டாள். "ஒண்ணும் இல்லங்கறதயாவது வாராவாரம் அவருகிட்ட வந்து சொல்றாளே" என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிறு அந்தப் பெண் பேசினாள்.

"இயேசப்பா, எங்கப்பா குழாய்த் தண்ணியப் பிடிச்சு கேன்ல ஊத்தி மூடி போடறாரு. தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ஓடல. யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது. அப்பாவ யாரும் பிடிச்சுட்டுப் போகக் கூடாது. நான் பார்த்தது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. ஆமென்."

அறையின் மூலையில் அவர் வீட்டு கேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. மிஸ்ஸுக்குக் கால் உடையக் கேட்ட பையன் அப்போதுதான் அதிலிருந்து டம்ளர் நிறையக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்தான். ஊசி விரலை உதட்டில் வைத்தாள். பிள்ளைகள் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவள் தண்ணிக்காரரிடம் நேரே போயிருக்க வேண்டும். திங்கள் போகலாம் என்று நினைத்தாள். ஒரு பள்ளி வேனுக்கு அவசரமாக உறை மாட்ட வேண்டியிருந்தது. செவ்வாய் போகலாம் என்று நினைத்தாள். வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் போகவில்லை. போனால் யார் சொன்னது என்று கேட்பார். என்ன பதில் சொல்வது?

புதன்கிழமை பெண்கள் ஜெபம், பேங்க் அக்கா வீட்டில். பேங்க் அக்கா வங்கியில் கவுன்டரில் உட்காருகிறவர். யார் வந்தாலும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பார். அந்தக் கூட்டத்தில் அடுத்த வீட்டு விஷயம் பேசக் கூடாது, பாவம். ஆனால் ஜெபத்தில் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வது புறங்கூறுவதில் சேராது. "ஆண்டவரே, ஹெல்மெட் போடாம எவனோ ஒருத்தன் பின்னாடி பைக்ல போற அந்த மகளக் காத்துக்கொள்ளும்" என்று ஒருத்தி ஜெபித்தால், ஆமென் சொல்லி முடிப்பதற்குள் எல்லோருக்கும் எந்த மகள், எந்த பைக் என்று தெரிந்திருக்கும். ஊசி இதைப் பல வருடமாகக் கிண்டல் செய்து வந்தவள். "இவங்க கண்ண மூடுனா ஊர்க் கதவெல்லாம் திறக்கும்" என்று அண்ணியிடம் சொல்வாள்.

அன்றைக்கு ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மூலையில் இருந்த தண்ணிக்காரர் கேனிலிருந்து தண்ணீர் பிடித்துப் பால் பவுடரைப் போட்டுக் குலுக்கினாள். ஊசி அதைப் பார்த்தாள். வெந்நீர் போடலாமே என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். எழுந்து போய் பாட்டிலைத் தட்டிவிட்டுக்கூட இருக்கலாம், அவள் செய்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் முறை வந்தது. கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நம்ம சபையில ஒரு வீட்டுல வியாபாரம் நேர்மையா நடக்கணும். அந்த வீட்டுப் பிள்ளை அதப் பார்த்துட்டு மனசுல பாரம் சுமக்குது. நாங்க குடிக்கிறது, எங்க குழந்தைங்க குடிக்கிறது எல்லாம் சுத்தமா இருக்கணும்."

ஆமென் சொன்ன குரல்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தன. கண்ணைத் திறந்தபோது இளம் தாய் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பேங்க் அக்கா கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரம் முடிவதற்குள் தெருவில் பாதி வீடுகள் கேனை நிறுத்திவிட்டன. தண்ணிக்காரர் பட்டறைக்கு வந்தார்.

"எந்த வண்டி சார்?" என்றார் அண்ணன்.

"வண்டி இல்ல. உங்க தங்கச்சி வாய். அதுக்கு ஒரு உறை தைக்கணும். அளவெடுக்க வந்தேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். அது அவளுக்குச் சுருக்கென்றது. மிஷினை நிறுத்தாமல், "உக்காருங்க" என்றாள்.

"உக்கார வரல. மெஷின் ரிப்பேர். பார்ட்ஸ் வரத் தாமதம் ஆச்சு. அந்தக் கொஞ்ச நாளைக்கு மட்டும்தான். உங்களுக்கு என்ன தெரியும்?"

"அந்தக் கொஞ்ச நாள் யாரு குடிச்சாங்க? மனுசங்கதானே?"

"அப்படின்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கணும். ஊரே உங்க வாய்க்குப் பயப்படுதே, என் மூஞ்சிக்கு நேரா வந்து கேக்க என்ன பயம்? கண்ண மூடிக்கிட்டு ஆண்டவருகிட்ட கோள் சொல்ல மட்டும் தைரியம் வருதோ?"

அவள் கால் மிதிப்பதை நிறுத்தியது. அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். 

"என் பொண்ணக் கேட்டேன்," என்றார் தண்ணிக்காரர். இப்போது குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்ததால் இன்னும் வெறுப்பாக இருந்தது. "அடிக்கல. கேட்டேன். அழக்கூட இல்ல. 'நான் டீச்சர்கிட்ட சொல்லலப்பா, இயேசப்பாகிட்டதான் சொன்னேன். அவரு ஏன்ப்பா பேங்க் ஆன்ட்டிகிட்ட சொன்னாரு?'ன்னு கேக்குறா. இப்போ ராத்திரி ஜெபத்துக்குக் கூப்பிட்டா வாயத் திறக்க மாட்டேங்குறா. நல்லா வளர்க்கிறீங்க பிள்ளைங்கள விசுவாசத்துல. இதுக்கு என்ன பதில்? நீங்க சொல்றீங்களா, உங்க ஆண்டவரு சொல்றாரா?"

அவர் போன பிறகு அண்ணன் சொன்னார்: "தண்ணி விக்கிறவன் திருட்டுப் பயலாவே இருக்கட்டும். கடைசியா கேட்டது நியாயமான கேள்வி."

"எனக்குத் தெரியுது, நீ ஃபோம வெட்டு" என்றாள்.

அவள் சாயங்காலம் வரை தைத்தாள். தைத்ததெல்லாம் கோணல். தன்னை அந்தப் பெண் வெறுத்தால் பரவாயில்லை, வெறுப்பு அவளுக்குப் பழக்கம். ஆனால் அந்தப் பெண் வெறுத்தது அவளை அல்ல. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை நம்பி ஒரு ரகசியத்தைச் சொன்னாள், அவர் அதைத் தெருவில் போட்டுவிட்டார் என்று நினைக்கிறாள். இனி அவரிடம் எதையும் சொல்ல மாட்டாள். "உம்ம பேரக் கெடுத்துட்டேன்," என்று ஊசி மிஷினைப் பார்த்துச் சொன்னாள். "நீர் எதுவும் பேசாம இருந்ததுக்கு, உம்ம பேருல நான் பேசிட்டேன்."

சனிக்கிழமை பாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் தண்ணிக்காரர் வீட்டு கேன் இருந்தது, மூடி பிரிக்காமல். அதை ஒதுக்கவும் தைரியமில்லை, குடிக்கவும் தைரியமில்லை போலிருந்தது.

"சிஸ்டர், சமாதானமா முடிச்சிடலாம். நாளைக்கு வகுப்புல பிள்ளை எழுந்து நின்னு, நான் தப்பாப் பார்த்துட்டேன்னு சொல்லட்டும். நீங்க ஆமான்னு ஒரு ஜெபம் பண்ணுங்க. செயலாளர் அதோட விட்டுடறேன்னு சொல்றாரு. வகுப்பு உங்களோடதே."

"அவ தப்பாப் பார்க்கல பாஸ்டர். அவரே ஒத்துக்கிட்டாரு."

"மெஷின் ரிப்பேருன்னுதானே சொல்றாரு."

"அது போகட்டும். இயேசுதான் தன்னக் காட்டிக்கொடுத்தாருன்னு அந்தப் பிள்ளை நினைச்சிட்டு இருக்கு. அத என்ன பண்ணுறது?"

"அது குழந்தைப் பேச்சு சிஸ்டர்."

"குழந்தைங்களுக்குத்தானே வகுப்பு எடுக்கச் சொன்னீங்க."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஒத்துக்கலைன்னா வகுப்ப மாத்தித்தான் ஆகணும். பேங்க் சிஸ்டர் தயாரா இருக்காங்க."

"அவங்க எப்பவும் தயாராத்தான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

ஞாயிறு மாடிப்படி அறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணிக்காரர் செருப்போடு கதவில் நின்றார். அவருக்குப் பின்னால் பாஸ்டர். பேங்க் அக்கா தனக்கென்று ஒரு நல்ல நாற்காலியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மகள் நடுவில் நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. வீட்டில் தலையை இழுத்துப் பின்னி அனுப்பியிருந்தார்கள், புருவம் மேலே ஏறியிருந்தது.

"சொல்லு" என்றார் அப்பா.

பெண் வாயைத் திறந்தாள். ஊசி முந்திக்கொண்டாள். எழுந்து வந்து பெண்ணின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இப்போது பெண் உயரமாக இருந்தாள்.

"அவரு யாருகிட்டயும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

பெண் கீழே பார்த்தாள்.

"புதன்கிழமை, பெரியவங்க ஜெபத்துல. கண்ண மூடிக்கிட்டு, அவருகிட்ட பேசற மாதிரி, பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்குச் சொன்னேன். உன் பேரச் சொல்லல. ஆனா எல்லாருக்கும் புரியும்னு எனக்குத் தெரியும். நாம வச்ச சட்டத்த நான்தான் உடைச்சேன்."

நாற்காலியில் ஒரு இருமல் கேட்டது.

"இதச் சொல்லவா வரச் சொன்னீங்க?" என்றார் தண்ணிக்காரர் பாஸ்டரைத் திரும்பிப் பார்த்து. பாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"நீங்களா?" என்றாள் பெண்.

"நான்தான்."

"இயேசப்பா இல்லையா?"

"அவரு வாயே திறக்கல. இன்னைக்கு வரைக்கும் அவருகிட்டயேதான் இருக்கு, நீ சொன்னது."

பெண் முகத்தில் ஏதோ ஒன்று நகர்ந்தது. நிம்மதி என்று ஊசி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அது கோபமாக மாறியிருந்தது. இப்போது கோபத்துக்குச் சரியான விலாசம் கிடைத்துவிட்டது.

"நீங்க ரொம்பக் கெட்டவங்க."

"ஆமா. மன்னிச்சுக்க."

"முடியாது."

தண்ணிக்காரரின் உதடு ஒரு பக்கம் கோணியது. ஊசியின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன முதல் ஆள் தன் மகள் என்பதில் அவருக்குப் பெருமைகூட இருந்திருக்கலாம். "கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். பிறகு மகளிடம், "வா. நீ சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வா. தப்பாப் பார்த்துட்டேன்னு சொல்லு" என்றார்.

பெண் அப்பாவையும் பார்க்கவில்லை. வட்டத்தை விட்டு வெளியே வந்து, ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தோள் லேசாக அசைந்தது. அழுகிறாள் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். அழவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. நிறைய இருந்தது போலிருக்கிறது, நிற்கவே இல்லை.

"என்ன முணுமுணுக்குற?" தண்ணிக்காரர் செருப்போடு உள்ளே வந்தார். "என்னடி சொல்ற? சத்தமாச் சொல்லு."

பெண் சத்தமாகச் சொல்லவில்லை. நிறுத்தவும் இல்லை.

ஊசி எழுந்து குறுக்கே நின்றாள். "அது உங்களுக்கு இல்ல."

"பின்ன? உனக்கா?" மரியாதை போயிருந்தது.

"எனக்கும் இல்ல."

"வழிய விடு."

"முடிச்சிட்டு வருவா. நில்லுங்க."

அவர் கை ஓங்குவார் என்று பாஸ்டர் பயந்திருக்க வேண்டும், ஒரு அடி முன்னால் வந்தார். கை ஓங்கவில்லை. மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயடியில் அவள் எதைப் பார்த்தாள் என்பது அவருக்குத் தெரியும். இப்போது அந்தச் சுவரோடு என்ன பேசுகிறாள் என்பது தெரியவில்லை. நெற்றி வியர்த்தது. ஊசிக்கும் காது அந்தப் பக்கமே இழுத்தது. ஒரு வார்த்தை பிடிபட்டால் போதும், அப்பாவை மன்னிக்கச் சொல்கிறாளா, டீச்சருக்குக் கால் உடையக் கேட்கிறாளா என்று தெரிந்துவிடும். வேண்டுமென்றே பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"அங்க என்ன வேடிக்கை? அவங்கவங்க வேலையப் பாருங்க. கண்ண மூடுங்க." பிறகு பேங்க் அக்காவைப் பார்த்து, "நீங்க மூட வேண்டாம்" என்றாள்.

அதுதான் நடு வகுப்பில் அவளுடைய கடைசி நாள். அடுத்த வாரம் அறைக்கு வெள்ளையடித்தார்கள், பெட்டிகளை அப்புறப்படுத்தினார்கள், வசனப் பலகை மாட்டினார்கள். பேங்க் அக்கா பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார். மிஸ்ஸுக்குக் கால் உடையக் கேட்ட பையன் மூன்று அத்தியாயம் ஒப்பித்து ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினான். தண்ணிக்காரருக்கு மெஷின் சரியாகிவிட்டதாம், வாசலில் பெரிதாக எழுதி வைத்தார். பாதிப் பேர் திரும்ப வாங்கினார்கள். கமிட்டியில் அவர் இடம் அப்படியே இருந்தது. ஊசியைக் கண்டால் எதிர்ப்பக்கம் துப்புவார்.

அவள் சபையை விடவில்லை. பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்தாள். புதன்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் போகவில்லை. "ஏன் அக்கா வர்றதில்ல?" என்று இளம் தாய் கேட்டதற்கு, "எனக்குக் கண்ண மூடத் தெரியாதும்மா" என்றாள். அந்தத் தாய் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

தண்ணிக்காரர் மகள் தவறாமல் வந்தாள். அப்பா வராத வாரங்களிலும் தனியாக நடந்து வந்தாள். புது டீச்சர் ஜெபத்துக்குக் கூப்பிட்டால், "நான் அப்புறமா பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிடுகிறாளாம். ஆராதனை ஆரம்பிப்பதற்கு முன், யாரும் இல்லாத முன்வரிசையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். பின்னாலிருந்து பார்த்தால் தாடை அசைவது தெரியும். பார்த்ததும் ஊசி பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வாள்.

மழை தூறிய ஒரு காலையில் இருவரும் ஒரே நேரத்தில் வாசல்படிக்கு வந்து சேர்ந்தார்கள். பெண் குடையை மடக்கினாள். வளர்ந்திருந்தாள்.

"நல்லா இருக்கியா?" என்றாள் ஊசி.

பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பழைய கோபம் ஒரு துளியும் குறையாமல் இருந்தது.

"அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு, குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, நேரே முன்வரிசைக்குப் போனாள்.